குண்டைப் போட்டதும் ஓடு

அன்னப்பிள்ளைக்குப் பயப்படத் தெரிந்த அளவுக்குத் திருகோணமலையில் வேறு யாருக்கும் தெரியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் அன்புவழிபுரத்தில் குடியிருந்துகொண்டு, வயதுக்கு வந்த பெண்பிள்ளை ஒன்றையும் வீட்டில் வைத்துக்கொண்டு, பயமில்லாமல் திரிந்தவர் யாராவது இருந்தால் அவரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். ஆனால் அன்னப்பிள்ளையின் பயம் கொஞ்சம் வேறு மாதிரி. மகள் குணேஸ்வரி ஓடினால் எங்கே விழுந்துவிடுவாளோ என்று பயம். விழாமல் ஓடினால் எங்கே இரண்டாவதாய் வந்துவிடுவாளோ என்று பயம். மற்றத் தாய்மார் மகள் ஓடுவதே வேண்டாம் என்று மறித்துக்கொண்டிருந்த காலத்தில், இவள் மகளைத் தானே ஓடவிட்டுத் தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குணேஸ்வரி வெறும் ஓட்டக்காரியும் இல்லை. ஏழு போட்டிக்காரி. இரண்டு நாளில் ஏழு போட்டி. முதல் நாள் தடைதாண்டல், உயரம் பாய்தல், குண்டு போடுதல், இருநூறு மீற்றர் ஓட்டம். மறுநாள் நீளம் பாய்தல், ஈட்டி எறிதல், கடைசியாக எண்ணூறு மீற்றர். ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு வராமல் நின்றால் அதோடு சரி, மற்ற ஆறும் கணக்கில் இல்லை. "ஒண்டைப் பெத்துப்போட்டு ஏழுக்குப் பயப்பிடுறன்" என்பாள் அன்னப்பிள்ளை.

அந்த ஏழில் குண்டு போடுவதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. நாலு கிலோ இரும்பு உருண்டையைக் கழுத்தோடு அணைத்து, வட்டத்துக்குள் நின்று, தள்ளிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதற்கு எங்கள் தமிழில் வேறு பெயர் இல்லை. கிபிர் விமானம் வந்து போடுவதும் குண்டுதான், பள்ளிப்பிள்ளை வெள்ளைச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று போடுவதும் குண்டுதான். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரேயொரு இரும்புக் குண்டை அதிபர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சுற்றிவளைப்பு வந்து ஆமிக்காரன் அதைக் கண்டால் யார் பதில் சொல்வது என்று அவருக்குப் பயம். குணேஸ்வரியின் தகப்பன் கதிராமன் துறைமுகத்தில் கப்பல் கட்டும் கயிறு பிடிக்கிற வேலை பார்த்தவர். வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். அவர் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, கடல் உருட்டி உருட்டி வழவழவென்று ஆக்கிவிட்ட ஒரு கறுத்தக் கல்லைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். சந்தியில் கடை வைத்திருந்த கிண்ணியா ஜமால்தீன் அதைத் தராசில் போட்டுப் பார்த்தார்.

"நாலு கிலோவும் தொண்ணூறு கிராமும் நிக்குது தங்கச்சி. பரவாயில்ல, பாரம் கூடினாப் பிள்ளைக்குப் பெலந்தானே" என்றார்.

அன்றிலிருந்து வீட்டுப் பின்வளவில் ஒவ்வொரு பின்னேரமும் கல் விழுந்தது. அன்னப்பிள்ளை சட்டை தைக்கிற அளவுநாடாவை வைத்து, குனிந்து குனிந்து, ஆறேழு முறை மடித்துப் போட்டு அளப்பாள். விளையாட்டு ரீச்சர் ஒரேயொரு தடவை சொன்ன விஷயத்தை அவள் பிடித்துக்கொண்டாள். கல் கையை விட்டுப் போகும்போது முழங்கை தாழக்கூடாது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வளவில் கேட்டதெல்லாம், "முழங்கை! பிள்ளை, முழங்கை!" என்ற சத்தம். அடுத்த வீட்டுக் கிளிகூடச் சொல்லத் தொடங்கிவிட்டது என்று கதிராமன் சொன்னார். அவர் அந்த வருடம் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

கல் பத்து மீற்றர் முப்பது போனது. மற்ற ஆறிலும் குறையில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. சனியும் ஞாயிறும் தெரிவுப் போட்டி. முதல் மூன்று பேருக்குள் வந்தால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

புதன்கிழமை ரீச்சரும் குணேஸ்வரியும் பயணப்பட்டார்கள். சொல்ல நினைத்ததெல்லாம் பஸ் நிலையத்தில் மறந்துபோகும் என்று அன்னப்பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். ஆகையால் கொப்பித் தாளில் எழுதி, பயற்றம் உருண்டை போட்ட ரின்னுக்குள் மடித்து வைத்திருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் உருட்டி எழுதிய எழுத்து. அந்தக் கடிதம் இதுதான்:

"குணம், கொழும்பில் பயப்படாதே. குண்டை இறுக்கிப் பிடியாதே. கழுத்தோடு அணைத்துப் பிடி. போட முன் சுற்றிவரப் பார். ஆட்கள் குறுக்கே வந்தால் பொறுத்துப் போடு, பாவம் வரும். குண்டைப் போட்டதும் ஓடு. கதைத்துக்கொண்டு நில்லாதே. ஞாயிற்றுக்கிழமைக்கு ஈட்டி இருக்கிறது. முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. அப்பாவுக்கும் சந்தோஷம். பத்திரகாளி அம்மன் துணை."

இதில் என்ன பிழை? முதல் நாள் குண்டுக்கு அடுத்தது இருநூறு மீற்றர். குண்டைப் போட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு வம்பளந்துகொண்டு உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகும், சும்மா மெல்ல ஓடிக்கொண்டிரு என்று ரீச்சரே சொல்வார். தாய் அதைத்தான் எழுதினாள். என் தாய் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ஜமால்தீன் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சைக்கிளில் வந்தார். அவர் கடையில்தான் அந்தப் பகுதிக்கு ரெலிபோன் இருந்தது. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வருகிற மனுசன் அவர் இல்லை. படலையில் அவரைக் கண்டதுமே அன்னப்பிள்ளை கடைக்கு ஓடிப் போய் ரெலிபோனை எடுத்தாள்.

ரீச்சர் மறுமுனையில் அழுதார். அவர் பெயர் பதிய மைதானத்துக்குப் போயிருந்த நேரத்தில் பொலிஸ் அவர்கள் தங்கியிருந்த லொட்ஜைச் சோதனை போட்டிருக்கிறது. குணேஸ்வரியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

"கடிதம் ஒண்டு எடுத்தவங்களாம். அதில குண்டு போடச் சொல்லி எழுதிக் கிடக்காம். போட்டிட்டு ஓடச் சொல்லியும் கிடக்காம். நான் விளையாட்டெண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன் அன்னப்பிள்ளையக்கா. விசாரிச்சுப்போட்டுத் திங்கக்கிழமைதான் சொல்லுவினமாம்."

"ஆற்ற கடிதம்?"

யாருடைய கடிதம் என்று கேட்டதும் ரீச்சர் இன்னும் பெலத்து அழுதார்.

"என்ர எழுத்தோ, ரீச்சர்?" என்று கேட்டாள் அன்னப்பிள்ளை. பிறகு மாவு மூட்டைக்கு மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை என்றால் போட்டி முடிந்துவிடும். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் போட்டியின் நினைவே இல்லை. அந்தக் காலத்தில் லொட்ஜில் பிடிபட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர், வருடக்கணக்காய்ப் பெயர் விவரம் இல்லாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தன் பிள்ளையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். கதிராமன் சட்டத்தரணி என்றார், பிரஜைகள் குழு என்றார், அவரும் பாவம் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அவள் எழும்பிப் பின்வளவுக்குப் போனாள். கல்லைத் தூக்கிக் கழுவி, துவாயில் சுற்றி, பன்பையில் போட்டாள்.

"இதென்னத்துக்கு?" என்றார் கதிராமன்.

"குண்டெண்டால் என்னெண்டு அவங்களுக்குக் காட்ட வேணும்."

வெள்ளிக்கிழமை விடிய முதல் பஸ். கொழும்புக்குள் போகுமுன் ஒன்பது சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு சென்றியிலும் பையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு சென்றியிலும் ஒரு ஆமிக்காரன் துவாயை விலக்கி, கறுத்தக் கல்லைக் கண்டு, அன்னப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். கதிராமனுக்குத் துறைமுகத்துச் சிங்களம் தெரியும். கயிறு, கப்பல், சாப்பாடு, அடுப்படி வரைக்கும் தெரியும். "மிரிஸ் கல, மாத்தயா" என்றார், மிளகாய் அரைக்கிற கல் என்று. கொழும்பில் மகள் வீட்டுக்கு அம்மிக் குழவி கொண்டுபோகிற பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். ஹபரணையில் ஒருவன் மட்டும் கல்லைக் கையில் எடுத்து, காதில் வைத்துத் தட்டிப் பார்த்தான். அன்னப்பிள்ளை அந்த நேரத்தில் பத்திரகாளிக்கு மூன்று நேர்த்தி வைத்தாள்.

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி. வாசலில் ரீச்சர் நின்றார், முந்திய நாள் உடுத்த சீலையோடு. உள்ளே இன்ஸ்பெக்டர் மேசை. பக்கத்தில் மூன்று மாதம் தமிழ் படித்த ஒரு கொன்ஸ்ரபிள். கடிதத்தைச் சிங்களத்தில் ஆக்கிக் கொடுத்தவர் அவர்தான். மனிதர் பொய் ஒன்றும் எழுதவில்லை. மூன்று மாதத் தமிழில் குண்டு என்பதற்கு ஒரு பொருள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ரீச்சரும் பிள்ளையும் ஆங்கிலத்தில் ஷொட் புட் என்று சொன்னார்களாம். கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்படவில்லையே என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

கதிராமன் வாயைத் திறந்தார். கயிற்றுக்கும் கப்பலுக்கும் சிங்களம் தெரிந்த மனுசனுக்கு இதற்குச் சொல் தெரியவில்லை. பள்ளிக்கூட மைதானம் துறைமுகத்துக்குள் இல்லைத்தானே. அவர் கைகளால் எறிவது போலக் காட்டினார். அது இன்னும் மோசமாய்ப் போயிற்று. கொன்ஸ்ரபிளின் முகம் இறுகியது.

அன்னப்பிள்ளை பையிலிருந்து கல்லை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதான் குண்டு" என்றாள்.

தமிழ் படித்தவர் கதிரையோடு பின்னால் பாய்ந்தார். வாசலில் நின்றவன் துவக்கை நிமிர்த்தினான். செய்த விசர் வேலை அப்போதுதான் அன்னப்பிள்ளைக்கு உறைத்தது. ஆனால் கையை மட்டும் கல்லிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் அவர்கள் வேறு என்னவோ நினைப்பார்கள் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார். தூக்கி, கைமாற்றி, பாரம் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல, பின்பக்கத்திலிருந்து குணேஸ்வரியைக் கொண்டு வந்தார்கள். தலை கலைந்து, கண் வீங்கி இருந்தாள். தாயைக் கண்டதும் உதடு மட்டும் அசைந்தது. முற்றத்தில் நிறுத்தி, கையில் கல்லைக் கொடுத்தார்கள். போட்டுக் காட்டு என்றார் கொன்ஸ்ரபிள்.

இரண்டு பக்கத்திலும் துவக்கோடு ஆட்கள். குணேஸ்வரி கல்லைக் கழுத்தில் வைத்தாள். காலை எடுத்து வைத்து, திரும்பித் தள்ளினாள். கல் சோர்ந்துபோய்ப் பூச்சாடிக்கு இந்தப் பக்கமாய் விழுந்தது.

"முழங்கை!" என்று கத்தினாள் அன்னப்பிள்ளை. எங்கே நிற்கிறோம் என்பதை அவள் அந்தக் கணத்தில் மறந்தே போனாள். "முழங்கை விழுந்திட்டுதே பிள்ளை! எத்தினை தரம் சொன்னனான்? இதுவும் ஒரு எறியோ? எட்டு மீற்றரும் வராது!"

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள். இன்ஸ்பெக்டர் கொன்ஸ்ரபிளைப் பார்த்தார், மனுசி என்ன சொல்கிறாள் என்று. கொன்ஸ்ரபிள் தயங்கித் தயங்கித் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அன்னப்பிள்ளையைப் பார்த்தார். வயிறு குலுங்க ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு.

"ஆ, யகுளிய!" என்றார்.

சிங்களத்தில் அதற்கு அப்படி ஒரு சொல் இருக்கிறது. குண்டு போடும் போட்டிக்கென்றே ஒரு சொல், வேறெதற்கும் ஆகாத சொல். கதிராமன் அதைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார்.

பிள்ளையை விட்டார்கள். கடிதத்தைக் கொடுக்கவில்லை. அது விசாரணைக் கோவையில் இருக்கும் என்றார்கள், பிள்ளையின் பெயரோடு, ஐசி அடையாள அட்டை நம்பரோடு.

மறுநாள் குணேஸ்வரி ஓடினாள். இப்படி ஒரு பிள்ளையை எங்கே காண்பது! ஒரு பகலும் ஒரு இரவும் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் கிடந்த உடம்போடு ஏழையும் முடித்தாள். நாலாமிடம். குண்டு எட்டு மீற்றர் அறுபத்தொன்று. வழக்கம்போல் பத்து மீற்றர் போயிருந்தால் புள்ளி கூடி மூன்றாமிடம் வந்திருப்பாள் என்று ரீச்சர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊருக்கு வந்த பிறகு யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் அன்னப்பிள்ளையைத் தின்றது. மகள் ஒரு சொல் ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். பின்வளவில் கல் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் விழுந்துகொண்டிருந்தது. மாதம் போய், வருடம் போயும் அப்படியே. மற்ற ஆறும் ஏறின, இது மட்டும் ஏறவில்லை. ஒருநாள்தான் குணேஸ்வரி வாய் திறந்தாள்.

"வட்டத்துக்குள்ள போய் நிண்டா, பின்னால ஆரோ துவக்கோட நிக்கிற மாதிரிக் கிடக்கு அம்மா. கை தானாச் சுருங்குது."

"நான் எழுதினதாலதானே பிள்ளை" என்றாள் தாய்.

"விடுங்கோ அம்மா."

அந்த வீட்டில் அதற்குப் பிறகு குண்டு என்ற சொல் இல்லை. அன்னப்பிள்ளை அதற்கு உருண்டை என்று பெயர் வைத்தாள், பயற்றம் உருண்டை மாதிரி. "இண்டைக்கு உருண்டை எவ்வளவு?" என்றுதான் கேட்பாள். மகளும் அப்படியே பழகிக்கொண்டாள். கொழும்பில் பயிற்சிக்குப் போய்த் தங்கியிருந்த மாதங்களில் எழுதிய கடிதமெல்லாம் உருண்டைதான். "உருண்டை போன கிழமை ஒன்பது, இந்தக் கிழமையும் ஒன்பது" என்று எழுதுவாள். ஜமால்தீன்கூட, "உருண்டை என்ன மாதிரி தங்கச்சி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் பலகார வியாபாரம் என்று நினைப்பார்கள்.

தொண்ணூற்றொன்பதில் அவளைத் தெரிவு செய்தார்கள். உருண்டையால் இல்லை, உருண்டை இருந்தும். தடைதாண்டலிலும் எண்ணூறு மீற்றரிலும் அவளை எட்டிப் பிடிக்க அந்த வருடம் ஆளில்லை. பாங்கொக்கில் போட்டி. ஊரே மகிழ்ந்தது. அன்னப்பிள்ளைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கோவையில் அந்தக் கடிதம் கிடக்கிறதே! விமான நிலையத்தில் ஐசியைப் பார்த்ததும் மறித்துவிட்டால்? பிள்ளை விமானம் ஏறிவிட்டாள் என்று செவ்வாய்க்கிழமை ரீச்சர் போன் எடுத்த பிறகு, அடுத்த பயம் தொடங்கியது. அங்கே வட்டத்துக்குள் நிற்கும்போது பின்னால் துவக்குக்காரன் வந்து நிற்பானே. அந்தத் துவக்குக்காரனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினது என் கடிதம்தானே. இந்த முறையும் உருண்டை கிட்டவே விழுந்தால், பிள்ளையின் ஓட்டம் இதோடு முடிந்தது என்று அவள் தனக்குத்தானே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை, முதல் நாள் போட்டி முடிந்ததும் போன் எடுப்பதாய்ச் சொல்லியிருந்தாள் மகள். ஐந்து மணிக்கே அன்னப்பிள்ளை ஜமால்தீன் கடைக்குப் போய்விட்டாள். இப்போது அது பலசரக்கோடு போன் பேசும் கடையும்தான். பலகையால் மறித்த ஒரு மூலை, ஒரு ஸ்ரூல். அவளுக்கு முன்னால் சவூதிக்குப் பேச வந்த ஒரு பெண். பின்னால் ஒரு ஆமிக்காரன். இளம் பெடியன். வீட்டுக்குப் பேசக் காத்திருந்தான். ஐந்தரை ஆயிற்று. ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும். ஜமால்தீன் கதவைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாய் இருந்தார்.

ஐந்து நாற்பதுக்குப் போன் மணி அடித்தது.

"அம்மா! கேக்குதோ?"

"கேக்குது பிள்ளை, கேக்குது. சாப்பிட்டியோ?"

"ஓம். தடைதாண்டல் நல்லம் அம்மா, ரெண்டாமிடம். உயரம் ஒண்டு அறுபத்திரண்டு. இருநூறும் இப்ப முடிஞ்சுது, பரவாயில்ல." குரல் கணீரென்று வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவது போல.

ஒன்றை விட்டுவிட்டாள். மூன்றாவதை விட்டுவிட்டு நாலாவதற்குப் போய்விட்டாள். அன்னப்பிள்ளை போனைக் காதோடு அழுத்தினாள்.

"உருண்டை?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் குரல் சட்டென்று தாழ்ந்தது. சென்றியில் நின்று பேசுகிற குரல், வாயும் அசையாத குரல். "உருண்டை... பிழையில்ல அம்மா. பிறகு சொல்லுறன்."

அன்னப்பிள்ளைக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. பிள்ளை நிற்பது பாங்கொக்கில். அங்கே சென்றி இல்லை, சுற்றிவளைப்பு இல்லை, தமிழ் தெரிந்த கொன்ஸ்ரபிள் இல்லை. கடலுக்கு அப்பால் போயும் என் பிள்ளை குசுகுசுக்கிறாளே! இரண்டு வருடம் நெஞ்சுக்குள் கிடந்தது முழுக்கக் கோபமாய் ஏறி வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது. தன் மேலும்தான்.

"என்னடி உருண்டை?" என்று கத்தினாள். "நானென்ன பயற்றம்மாவிலயோ பிடிச்சுத் தந்து விட்டனான்? குண்டெண்டு சொல்லு! நீ போட்டது குண்டு!"

தமிழில் வேறொன்றும் தெரியாத ஆமிக்காரனுக்கும் அந்த ஒரு சொல் தெரியும். அவன் கை துவக்கின் வாருக்குப் போனது. ஜமால்தீன் பாய்ந்து குறுக்கே நின்று, "யகுளிய மாத்தயா, யகுளிய! ஸ்போட்ஸ்!" என்று இரண்டு கையையும் விரித்தார். கதிராமன் அவருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்.

"அம்மா" என்றாள் குணேஸ்வரி, இன்னும் தாழ்ந்த குரலில். "மெல்லக் கதையுங்கோ. பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

அன்னப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அது அவளை விட்டு ஒருநாளும் போகவில்லை.

"ஓம். ஒரு ஆமிக்காரன் நிக்கிறான், நிக்கட்டும். குண்டு எவ்வளவு போனது? கத்திச் சொல்லு பிள்ளை, அவனுக்கும் கேக்கட்டும்."

பாங்கொக்கிலிருந்து வந்த சத்தம் ஜமால்தீனுக்கும் கேட்டது, சவூதிக்குப் பேச வந்த பெண்ணுக்கும் கேட்டது.

"குண்டு பதினொண்டு இருபத்திநாலு, அம்மா!"

அன்னப்பிள்ளை ஸ்ரூலில் உட்கார்ந்தாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"முழங்கை?" என்று கேட்டாள்.

"விழேல்ல அம்மா."